சென்னை என்ற ஒரே வரிக்குள் வடசென்னையை அடைக்காதீர்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் பெருநகர சென்னை மாநகராட்சிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. லட்சம் பேருக்கு நாட்டின் விகிதம் 12.4, நம்முடையது 25.9. அதே அறிக்கையில் பீகாருக்கு 0.6. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம் மருத்துவமனைகளும் காவல் நிலையங்களும் ஓரளவு ஒழுங்காகப் பதிவு செய்வதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக இரண்டு மடங்கையும் பதிவேட்டின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நாடு தழுவிய அந்தக் கணக்கில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவரும் வியாசர்பாடியிலிருந்து பெயின்ட் அடிக்கப் போகிறவரும் இந்த வரையறைக்குள் அப்படியே வருகிறார்கள். ஆனால் அறிக்கையில் சென்னைக்கு ஒரே வரிதான். வடசென்னையின் தண்டையார்பேட்டையும் தென்சென்னையின் அடையாறும் அதில் ஒன்று.

காரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'குடும்பப் பிரச்சினை', 'தீராத வயிற்று வலி' என்று எழுதி விசாரணையை முடிப்பது நம் ஊர் வழக்கம். எந்த மரணத்துக்கும் காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பதில்லை. குடி, கடன், வேலையில்லாத நாட்கள், தீராத நோய், வெளியே சொல்ல முடியாத அவமானம் எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் புதைந்துவிடுகின்றன. எங்கள் தெருவில் குழுக் கடன் வசூலுக்கு வருபவர் வாசற்படியில் உட்கார்ந்தால், தவணை கைக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டார். குழுவின் மற்ற பெண்களும் வீட்டுக்குப் போக முடியாமல் அவரோடு காத்து நிற்பார்கள். உள்ளே இருப்பவள் அப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் நீங்களே சட்டம் கொண்டுவந்தீர்கள். அது எங்கள் வாசல்வரை வரட்டும்.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் புறநோயாளிகள் சீட்டு காலையில்தான். விடியுமுன்னே மீன் ஏலத்துக்குப் போகிறவர், மனம் சரியில்லை என்பதற்காக ஒரு நாள் கூலியை விடுவாரா? உடம்புக்கு முடியாமல் போனாலே விடமாட்டார். அதனால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆலோசகர் இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்கால 61 நாட்களில் துறைமுகத்துக்கே அவர் வர வேண்டும்.

அதைவிட அவசரமானது வேறொன்று. முயன்று உயிர் பிழைத்தவரே மிகுந்த ஆபத்தில் இருப்பவர். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறார்கள். பிழைத்து வந்தவரின் வீட்டையும், அவர் சம்மதத்தோடு, அக்கம்பக்கம் அறியாதபடி, அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாதா?

மண்டலவாரியாக, வயதும் தொழிலும் பிரித்து, பெயரில்லாத கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். 14416, 104 ஆகிய உதவி எண்களை ஏலக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் டாஸ்மாக் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. அதற்குள் மாலை நேர ஆலோசனையை இரண்டு நிலையங்களிலாவது தொடங்க முடியுமா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்