பாண்டு போட்டால் பணம் இலவசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விளையாட்டரங்கங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அங்கே மக்கள் பணத்தைத் தொடாமல் பாண்டு வெளியிட்டே அரங்கம் கட்டிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். வேலைக்காலம் முழுக்க வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். பாண்டு என்றால் கடன். வட்டியும் முதலுமாக அதை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

மகள் ஓஹியோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரில் இருக்கிறாள். இரண்டு முறை போய்த் தங்கி வந்திருக்கிறேன். அங்கே அரிசி, பருப்புக்கு விற்பனை வரி கிடையாது. சோப்புக்கும் குக்கருக்கும் உண்டு. அந்த வரியில் டாலருக்கு அரை சென்ட் ஸ்டேடியத்துக்குப் போகிறது என்று ஒரு நாள் மருமகன் கடை ரசீதைக் காட்டிச் சொன்னார். அரை சென்ட்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

1995 நவம்பரில், அதே மாநிலத்தின் கிளீவ்லாந்து கால்பந்து அணி பால்டிமோருக்குக் குடிபெயரப்போவதாக அறிவித்தது. (அவர்கள் கால்பந்து என்பது கையால் ஆடுவது, அது வேறு கதை.) தங்கள் ஊர் பெங்கால்ஸ் அணியும் போய்விடுமோ என்று சின்சினாட்டிக்காரர்களுக்குப் பயம். 1996 மார்ச்சில், சின்சினாட்டி அடங்கிய ஹாமில்டன் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வாக்கெடுப்பு நடந்தது. அரை சென்ட் வரிக்குச் சுமார் 61 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அந்த ஒரு வரியை நம்பி இரண்டு அரங்கம்: 2000இல் பெங்கால்ஸுக்கு, 2003இல் ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு. போதாததற்கு, வசூலில் 30 சதவீதத்தை வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரித் தள்ளுபடியாகத் திருப்பித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள்.

கணக்கு எங்கே இடித்தது என்றால், விற்பனை வரி ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் என்று எழுதிவைத்ததில்தான். ஜனங்கள் கடைக்குப் போனால்தான் இந்த வரி. 2008இல் பொருளாதாரம் படுத்தது, ஜனங்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள், பாண்டு தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நின்றது. வருஷா வருஷம் மகசூல் ஏறிக்கொண்டே போகும், அதை நம்பிக் கடன் கொடுங்கள் என்று எங்கள் கிளைக்கு ஒரு விவசாயி வந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்போம்.

துண்டு விழுந்ததும் முதலில் அந்தத் தள்ளுபடியை வெட்டினார்கள். அப்புறம் கவுன்ட்டிக்குச் சொந்தமான ட்ரேக் மருத்துவமனையையே விற்றார்கள். பெங்கால்ஸுடன் 1997இல் போட்ட லீஸ் ஒப்பந்தத்தையோ தொட முடியவில்லை. வேறு அரங்கங்களில் புதுச் சாதனங்கள் வந்தால் இங்கேயும் கவுன்ட்டி செலவில் பொருத்தித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். அந்தப் பட்டியலில் ஆட்டத்தை ஹோலோகிராமாக அந்தரத்தில் திரும்பக் காட்டும் சாதனமும் இருந்தது! இன்னும் கண்டுபிடிக்காத பொருளுக்கு முன்கூட்டியே பொறுப்பேற்ற கடனாளியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

எல்லா ஊரும் இப்படி மாட்டிக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் ஆர்லிங்டன் நகரம் 2004இல் இதே அரை சென்ட் வரிக்கு வாக்கெடுத்து, கௌபாய்ஸ் அணிக்கு அரங்கம் கட்ட உதவியது. ஆனால் நகரத்தின் பங்கு 32.5 கோடி டாலர், அதற்கு மேல் ஒரு டாலர் ஆனாலும் அணியின் பாடு என்று ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட்டார்கள். செலவு 100 கோடியைத் தாண்டியும் நகரம் அசையவில்லை. கடனையும் காலத்துக்கு முன்பே அடைத்தது. அதே வரிதான், எழுதிய கை வேறு.

மிசௌரியின் ஜாக்சன் கவுன்ட்டியில் 2024 ஏப்ரலில் இதுபோன்ற ஒரு வரியைத் தொடரலாமா என்று கேட்டபோது சுமார் 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே மாதத்தில் பக்கத்து மாநிலமான கான்சாஸ், அரங்கச் செலவில் 70 சதவீதம் வரை விற்பனை வரியை நம்பிப் பாண்டு போடலாம் என்று சட்டம் போட்டு அங்கிருந்த அணிகளைக் கூப்பிட ஆரம்பித்தது. போட்டி மைதானத்துக்கு வெளியேதான் மும்முரம்.

கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, கூரையின் படத்தோடு, மழை ஒழுகினால் யார் சரிசெய்ய வேண்டும் என்று லீஸில் எழுதியிருப்பதையும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்