இலங்கைக்கு எண்ணெய்க் குழாய்: பாதை முடிவாகும் முன் மீனவ கிராமங்களில் கருத்துக் கேட்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஃபைபர் படகு மீனவர்,
கடலோர கிராம மக்கள் சார்பில்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தியாவிலிருந்து இலங்கைக்கு பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுபோகக் குழாய் அமைப்பது பற்றி இரு நாடுகளும் 2023 ஜூலையிலும் 2024 டிசம்பரிலும் அறிவித்தன. 2025 ஏப்ரலில் இலங்கையின் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். குழாய் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் என்று செய்திகளில் படிக்கிறோம். எங்கள் கிராமத்துக்கு வந்து இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழாயே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2022-ல் இலங்கையில் எரிபொருளுக்காக ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றிப் போட்டார்கள். அந்தக் கஷ்டம் எங்களுக்குப் புரியும். எங்கள் பயம் வேறு.

2023 மார்ச் 2-ஆம் தேதி இரவு நாகூர் பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது தங்கள் அலுவலகப் பதிவிலேயே இருக்கும். அந்த வாரம் என் வீட்டுக்காரம்மா மீன் கூடையோடு சந்தைக்குப் போனார். வாங்க வந்த ஒரு அம்மா செவுளைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் வாடை அடிக்குதே" என்று மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டார். அது பட்டினச்சேரிப் பக்கம் பிடித்த மீனே இல்லை. ஆனாலும் கூடை அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. எண்ணெயை அள்ளி எடுத்துவிடலாம், சந்தையில் போன பேரை அள்ள முடியாது ஐயா.

அப்புறம் சட்டம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற இடங்கள் வழியாகப் போகும் எண்ணெய்க் குழாய்க்குத்தான் முன் அனுமதி கட்டாயம். எங்கள் கரை அதில் வராது என்று சொல்லி, கருத்துக் கேட்புக் கூட்டமே இல்லாமல் செய்துவிடலாம். கரைக்கு வந்த பிறகு 1962-ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டம் இருக்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் இடத்தில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது. குழாய் பதிக்கும் அந்த உரிமைக்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவார்கள். ஆட்சேபம் சொல்ல அரசிதழ் அறிவிப்பிலிருந்து 21 நாள்தான். எங்கள் தெருவில் அரசிதழ் படிப்பவர் யார்?

ஆகவே பாதை முடிவாகும் முன்பே அதன் வரைபடத்தைத் தமிழில், கடலின் ஆழமும் நாங்கள் மீன்பிடிக்கும் பாடுகளும் தெரியும்படி, ஒவ்வொரு கிராமத்திலும் ஒட்டச் செய்ய வேண்டும். குழாயை எவ்வளவு ஆழத்தில் புதைப்பார்கள், அதன் மேல் வலை போடலாமா, மாட்டிக் கிழிந்தால் யார் பொறுப்பு என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். கசிவு வந்தால் நஷ்ட ஈடு படகுக்காரருக்கு மட்டும் என்றில்லாமல், கூடை தூக்கி விற்கும் பெண்களுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் முடித்துவிடுவோம் என்று சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளும் விசைப்படகுக்குத்தான் தடை. எங்களைப் போன்ற சிறு படகுக்காரர்கள் அப்போதும் கரையோரம் தொழில் செய்வோம். தை, மாசியில் ஆமைகள் முட்டையிட வரும். எந்த மாதத்தில் கடலைத் தோண்டலாம் என்பதை எங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

வரைபடத்தில் நாகையிலிருந்து திருகோணமலைக்கு நேர்கோடு போட்டால் அது இலங்கையின் வடக்கில் உள்ள வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் ஒட்டிப் போகிறது. அங்கே இருப்பவர்களும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசு மூலம் இலங்கை அரசுக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கூட்டத்தைக் காலையில் வைக்க வேண்டாம். படகு வந்து ஏலம் முடிய நேரமாகிவிடும். மதியம் மூன்று மணிக்கு மேல் மீன் ஏலக்கூடத்தில் வைத்தால் பெண்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடலோர கிராம மக்கள் சார்பில்

இணைப்பு: கிராம மக்கள் கையொப்பங்கள்