சிறப்புக் கல்வி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஒரு மொபிலிட்டி வாத்தியாரின் மடல்

தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

பார்வைக் குறைபாடு பிரிவை எடுத்திருக்கிறீர்கள். பிரெயில், அபாகஸ் என்றால் ஆர்வமாக உட்காருகிறீர்கள். பார்வையில்லாதவர்களைக் கோலோடு தனியாக நடக்கப் பழக்குகிற நடமாட்டப் பயிற்சி, அதாவது மொபிலிட்டி என்றால் மட்டும் "ஸ்டிக் பிடிக்கக் கத்துக்கொடுக்கிறதுதானே சார், ரெண்டு நாள் வேலை" என்று போன மாதம் ஒரு தம்பி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். கோபம் வரவில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டிக் பிடிப்பது சீக்கிரம் வந்துவிடும், உண்மைதான். கை உடம்பின் நடுவில், மணிக்கட்டு மட்டும் அசைய, தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வீச்சு. வலது கால் முன்னே போகும்போது நுனி இடது பக்கம் தட்ட வேண்டும், அடுத்து இடது கால் விழப்போகிற இடத்தைக் கோல் முந்திப் பார்த்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பார்வை போன சிப்பாய்களுக்காக அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்தது, இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

ஆனால் நம் தெருவில் கோல் தரையை மட்டும்தான் பார்க்கும், நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற லாரியின் பின்பலகையைப் பார்க்காது. மீதியைக் காதும் மூக்கும் பாதமும் பார்க்க வேண்டும், அதைப் பழக்குவதுதான் நம் வேலை.

தாம்பரத்தில் ஒரு பெண், பிளஸ் டூ முடித்தவள். டீக்கடை தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். அன்றைக்குக் கடை லீவு. பால் கொதிக்கிற வாசனையும் இல்லை, கிளாஸ் சத்தமும் இல்லை, நேராகப் போய்விட்டாள். நான் பத்தடி பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் நின்றாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள். கூடவே ஓட வேண்டிய வண்டிச் சத்தம் குறுக்கே ஓடியது. மெயின் ரோட்டுக்கே வந்துவிட்டோம் என்று புரிந்துகொண்டு திரும்பி, சுவரைத் தட்டிக்கொண்டே வந்து திரும்ப வேண்டிய சந்துக்குள் நுழைந்துவிட்டாள். கால் மணி நேரம் ஆனது. "இந்தப் பக்கம்மா" என்று நான் சொல்லியிருந்தால் நொடியில் முடிந்திருக்கும், மறுநாளும் நான் வேண்டியிருக்கும். இதற்கிடையில் ஒரு பெரியவர் "கண்ணு தெரியாத பொண்ணை விட்டுட்டு வேடிக்கை பாக்கிறியே, மனுஷனாய்யா நீ?" என்று திட்டிவிட்டுப் போனார். அதெல்லாம் சம்பளத்தில் சேர்த்தி. வண்டி நெருங்கினால் மட்டும் பிடித்து இழுக்கத் தயங்கவே கூடாது.

காதும் கேட்காதவர்களோடு வேலை செய்வது வேறு உலகம். பேச்சு முழுக்கக் கைக்குள்தான், உள்ளங்கையில் எழுதியோ சைகையைத் தொட்டு உணரவைத்தோ. அந்தக் கையில் கோலும் இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் நின்று சொல்லி, அப்புறம் நடக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது "எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது. சாலையைக் கடக்க என் தோளைத் தொடுங்கள்" என்று எழுதிய அட்டையைப் பிடிக்கப் பழக்குவோம். முதல் தொடுகைக்காக அப்படி நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டது, தெருவில் இவர்களோடு சேர்ந்து நடக்கத்தான் ஆள் போதவில்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். மறுவாழ்வுப் பணியாளர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பட்டியலில் இது தனித் தொழில். ஆனால் நான் பார்த்த பள்ளிகள் சிலவற்றில் இதை டிரில் மாஸ்டர் தலையில் கட்டி, வாரத்துக்கு ஒரு பீரியட் என்று ஒப்பேற்றுகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று தெருவில் நடத்த வேண்டிய பாடத்தை நாற்பது நிமிடத்தில் இருபது பேருக்கு எப்படி நடத்துவது? நேர்காணலுக்குப் போகும்போது இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள், சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

பயிற்சிக்காக நீங்களே கண்ணைக் கட்டி நடக்கிற வகுப்பில் துணியை லேசாகத் தூக்கிப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம், எனக்குத் தெரியும்.

உங்களில் பார்வையில்லாதவர்கள் "நமக்கெல்லாம் இந்த வேலையைத் தர மாட்டார்கள்" என்று ஒதுங்குகிறீர்கள். அமெரிக்காவில் லூசியானா டெக் பல்கலைக்கழகத்தில் பார்வையற்றவர்களே இதற்குப் பட்டம் வாங்கி வாத்தியாராகிறார்கள். இங்கேயும் என்னோடு ஒருவர் இருந்தார், இரண்டு கண்ணும் தெரியாது. பையன் நாலடி முன்னால் தட்டிக்கொண்டு போவான், இவர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டே "டேய், வலது பக்கம் வீச்சு குறையுது, சாக்கடைப் பக்கம் போறே" என்பார். கண்ணுள்ள நான் குனிந்து பார்த்தால், குறைந்துதான் இருக்கும்.