2021ஆம் ஆண்டை மறக்க முடியாத ஹஸ்கர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நெப்ராஸ்கா ஹஸ்கர்ஸ் ரசிகர்களே,

வணக்கம். நம்மில் நான்கு பேர் எங்கே கூடினாலும், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் நம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் 2021ஆம் ஆண்டுப் பருவத்தில்தான் வந்து நிற்கிறது. ஆடியவை 12 ஆட்டங்கள். வென்றவை 3, தோற்றவை 9. உடனே யாரேனும் ஒருவர் பெருமூச்சு விட்டு, மிச்சிகனுக்கு எதிராக நம் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் பந்தை நழுவவிட்டதைச் சொல்கிறார். மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். அந்தத் தலையசைப்பு நியாயமானதன்று என்று நான் உறுதியாக எண்ணுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

அந்த ஆட்டம் நடந்த அக்டோபர் 9 இரவு நானும் லிங்கன் நகரில் உள்ள நம் மெமோரியல் அரங்கில்தான் இருந்தேன். முதற்பாதியில் 13-0 என்று பின்தங்கிய அணி, இரண்டாம் பாதியில் எழுந்து முன்னிலைக்கு வந்ததைக் கண்டு, வாங்கிய ரன்சா என்னும் இறைச்சி அடைத்த ரொட்டியைக் கடிக்க மறந்து, அது கையிலேயே ஆறிப்போகும் வரை நின்றுகொண்டிருந்தேன். ஆட்டம் 29-29 என்று சமநிலையில் இருந்தபோது, பலர் சேர்ந்து மடக்கியும் விழாமல் இன்னும் ஓரடி முன்னேற முயன்ற மார்ட்டினெஸின் கையிலிருந்து பந்து பறிக்கப்பட்டது. 1 நிமிடம் 24 வினாடிகள் மீதமிருக்கையில் மிச்சிகன் 39 கெஜ ஃபீல்டு கோலை (பந்தைக் கோல்கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளிகள் பெறுவது) அடித்து 32-29 என வென்றது. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் சிறிது நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து, களத்தை விட்டு வெளியேறிய மிச்சிகன் வீரர்களுக்கு, நம் ஊர் வழக்கப்படி, கைதட்டினார்.

அந்த இரவின் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பருவம் முழுவதையும் அந்த ஒரு நொடிக்குள் அடைத்துவிட முடியாது.

ஆகஸ்ட் 28 அன்று இல்லினாயில் தொடங்கிய முதல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எதிரணி உதைத்த பந்தைத் தொடாமல் விட்டிருக்க வேண்டிய இடத்தில், நம் கோல் கோட்டுக்கு மிக அருகில் பிடித்து, கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால், 2 புள்ளிகளைத் தாரைவார்த்தோம். 1971இல் ஒக்லஹோமாவை நாம் 35-31 என்று வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அவர்களின் ஊரான நார்மனுக்குச் சென்றபோது, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்வது) பிந்தைய நம் உதை தடுக்கப்பட்டு, அந்தப் பந்தை ஒக்லஹோமா வீரர் களத்தின் மறுமுனை வரை கொண்டு ஓடினார். நமக்கு 1 சேர வேண்டிய இடத்தில் அவர்களுக்கு 2 சேர்ந்தது. தோல்வி 23-16.

எல்லாவற்றிலும் என்னை இன்றும் வதைப்பது, மிச்சிகன் ஸ்டேட் என்னும் வேறோர் அணியின் ஊரான ஈஸ்ட் லான்சிங்கில் நடந்த ஆட்டம்தான். இரண்டாம் பாதி முழுவதும் மிச்சிகன் ஸ்டேட் அணியை வெறும் 14 கெஜத்திற்குள், ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பந்தைத் தொடர்ந்து வைத்திருக்கத் தேவையான 10 கெஜ முன்னேற்றம்) பெறவிடாமல் கட்டிப்போட்டது நம் தடுப்பாட்டம். 20-13 என முன்னிலையில் இருந்து, நான்கு நிமிடங்கள்கூட மீதமில்லாத நேரத்தில் நாம் உதைத்த பந்து ஒரு பக்கம் போக, அதைத் துரத்த வேண்டிய நம் வீரர்கள் மறுபக்கம் ஓடினார்கள். எதிரணியின் ஜேடன் ரீட் 62 கெஜம் ஓடி அதை டச்டவுனாக்கினார். கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்றோம். நவம்பர் 26 அன்று ஐயோவாவுக்கு எதிராகவும் இதே கதை: 21-6 என்று முன்னிலையில் இருந்தோம், நம் உதை தடுக்கப்பட்டு டச்டவுனானது, முடிவு 28-21. காயத்தால் மார்ட்டினெஸ் அன்று களமிறங்கவே இல்லை.

இவை அனைத்திலும் சரிந்தது, பந்தை உதைக்கவும் உதைத்த பந்தைத் துரத்தவும் பிடிக்கவும் களமிறங்கும் நம் உதைப்பிரிவு. பயிற்சியில் அதற்குரிய இடத்தை அணி நிர்வாகம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. பருவம் முடிந்தபின் அதற்கென்றே ஒரு பயிற்சியாளரைப் பொறுப்பாக்கியதை நான் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த 9 தோல்விகளின் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டினால் 56 வருகிறது. அதே பருவத்தில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக ஒரே இரவில் நாம் எடுத்த புள்ளிகளும் 56. பருவம் முழுவதிலும் நாம் எடுத்தவை 335, கொடுத்தவை 272. 9 ஆட்டங்களில் தோற்ற அணியின் கணக்கு இது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

மார்ட்டினெஸ் தவறே செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. அவர் இழந்த பந்துகள் பல. ஆனால் 2018இல் முதலாண்டு மாணவராகவே அணியின் பொறுப்பைச் சுமந்தவர், 2021இல் தாடை எலும்பு முறிந்த நிலையிலும் ஆடினார் என்பதை நம் பேச்சில் ஒருவரும் எடுப்பதில்லை. மறு ஆண்டு அவர் கன்சாஸ் ஸ்டேட்டுக்குச் சென்றார். 2022 செப்டம்பரில், நாம் தோற்ற அதே நார்மன் அரங்கில், தாமே ஓடி 4 டச்டவுன்கள் எடுத்து ஒக்லஹோமாவை 41-34 என்று வீழ்த்தினார். அதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியும் துக்கமும் ஒருசேர வந்தன.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இளைய ரசிகர்களுக்கு 2021ஐச் சொல்லும்போது, அக்டோபர் 9 இரவிலிருந்து தொடங்காதீர்கள். ஈஸ்ட் லான்சிங்கில் பந்து ஒரு பக்கமும் வீரர்கள் மறுபக்கமுமாகப் போனதிலிருந்து தொடங்குங்கள். மார்ட்டினெஸ் என்றேனும் லிங்கனுக்கு வந்து நம் அரங்கில் கால்வைத்தால், மிச்சிகன் வீரர்களுக்கு அந்தப் பெரியவர் எழுந்து கைதட்டியதைப்போல நாமும் எழுந்து கைதட்டுவோம்.

இப்படிக்கு,
அந்தப் பருவத்தில் உங்களோடு அமர்ந்திருந்த ஒரு ரசிகர்