மூன்று தண்ணீர் கழுவிய கியர்பாக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாகனக் கேள்வி பதில் பகுதியில், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் காருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘இத்தனை நாள் மாற்றாததை இனித் தொட வேண்டாம், தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்று பதில் வந்திருந்தது. இதே பதிலை மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் கேட்டேன், நம்பினேன், ஒரு வருடத்தை வீணாக்கினேன். அதனால்தான் இந்தக் கடிதம். நான் மெக்கானிக் இல்லை. பள்ளத்தூர்க்காரி, முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியவள்.

எங்களுடையது 2010 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக். என் இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் வாங்கியது. என் வீட்டுக்காரர் எதையும் பேரேட்டில் எழுதாமல் விடமாட்டார். பெட்ரோல், பஞ்சர், வைப்பர் ரப்பர், பிள்ளையார்பட்டி வாசலில் மாலை வாங்கிக் கட்டியது வரை இருக்கும். அவர் காலமான பிறகு காரும் பேரேடும் என் பொறுப்பாயின.

கிலோமீட்டர் 1,30,000-ஐ நெருங்கும்போது கோளாறு தொடங்கியது. ஐம்பதில் சீராகப் போகையில் சரளைக்கல் ரோட்டில் போவது போல ஒரு நடுக்கம். ரோடு என்னவோ வழவழவென்றுதான் இருக்கும். குன்றக்குடி தைப்பூசக் கூட்டத்தில் ஊர்ந்து போன அன்று, முன்னே போக ‘டி’ கியர் போட்டால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு ‘டொக்’ என்று இழுத்தது. பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் காட்டினேன். அது ஆயுளுக்கும் போட்ட ஆயில், இனி மாற்றினால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அடுத்த ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன்.

ஒரு நாள் பேரேட்டைப் புரட்டினேன். என்ஜின் ஆயில் பதினான்கு தடவை மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸ் ஆயில் ஒரு தடவைகூட இல்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் எழுதவில்லை. கையேடு கார் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. ஆகவே காரின் மேல் குற்றம் இல்லை.

கடைசியில், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறார், அவரிடம் போனேன். “டீச்சர், சாதா கியர்பாக்ஸ்ல ஆயில் வழவழப்புக்குத்தான். இதுல ஆயில்தான் வேலைக்காரனே” என்றார். என்ஜினின் விசை, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டருக்குள் இந்த ஆயில் வழியாகத்தான் கடக்கிறது. ஆயிலின் அழுத்தம்தான் உள்ளே கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடித்து கியரை மாற்றுகிறது. சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுவே. நம் ஊர் சித்திரை வெயிலில், நெரிசலில், ஆறு பேரோடு ஊர்ந்தால் ஆயில் என்ன பாடுபடும்! சூட்டில் அது கெடும், கிளட்ச் தேய்ந்த பொடியும் அதில் கலக்கும்.

சரி, மாற்றியதும் கியர்பாக்ஸ் போன கதைகள் எல்லாம் பொய்யா? பொய் இல்லை. கிளட்ச் முழுக்கத் தேய்ந்து, என்ஜின் மட்டும் உறுமி வண்டி நகராத நிலைக்கு வந்த பிறகுதான் பலர் ஆயில் மாற்ற ஓடுகிறார்கள். அந்த நிலையில் எந்த ஆயிலும் காப்பாற்றாது. கடைசியாக வாயில் பால் ஊற்றியவரைக் கொலைகாரர் என்பது போலத்தான் ஆயிலின் மேல் பழி விழுகிறது. மெஷின் வைத்து அழுத்தத்தில் அலசுவதில் வேறொரு ஆபத்து உண்டு. எங்கோ படிந்து கிடக்கும் அழுக்கு பெயர்ந்து வால்வுகளின் சின்னத் துளைகளில் போய் அடைக்கலாம். அதை நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

நாங்கள் செய்தது அரிசி கழுவுகிற வழி. அடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றினால் தானாக வடிவது சுமார் இரண்டரை லிட்டர்தான். மொத்தம் ஏறக்குறைய ஆறு லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் நின்றுவிடும். வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடிப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டில் ஏழு பங்கு பழசு தங்கும். மூன்று தண்ணீர் முடிந்தால் பழசு ஐந்தில் ஒரு பங்குதான்.

முதல் தடவை வடிந்தது காப்பி டிகாஷன் நிறம், லேசாக அடிப்பிடித்த வாசனை. போல்ட்டில் இருக்கும் காந்தத்தைத் தம்பி விரலால் வழித்துக் காட்டினார். சாம்பல் நிறக் குழைவுதான் இருந்தது, இரும்புச் சில்லு இல்லை. “தப்பிச்சுட்டீங்க டீச்சர்.” இரண்டாவது தடவை நன்னாரி நிறம். மூன்றாவது தடவை வடிந்தது சிவப்பு, கொஞ்சம் அழுக்கான ஆலத்தித் தண்ணீர். நடுக்கம் இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது. செலவு நாலைந்து கண்டாங்கிச் சேலை விலை. வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் கொடுக்கச் சொன்னேன். சில பட்டறைகளுக்குப் பின்னால் அது ஊருணி வரத்துக்காலிலேயே ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அளவு பார்ப்பதில் ஒரு நுணுக்கம். எங்கள் காரில் ரேடியேட்டர் விசிறி இரண்டு தடவை சுற்றும் வரை சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு பல கார்களில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆயில் அதிகமானால் நுரைக்கும், குறைந்தால் கிளட்ச் வழுக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பதில் எழுதுபவர், எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று முதலில் கேட்கட்டும். எங்களுக்கு டி.டபிள்யூ-1 என்ற ஆயில். அதை, பல்சக்கர கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. காரில் ஊற்றினால் பெல்ட்டே போய்விடும். ஏ.எம்.டி.யில் உள்ளதோ சாதா கியர்பாக்ஸ், கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் கருவி செய்கிறது; அதற்கு ஆயிலும் வேறு. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை. பில்லில் வெறுமனே ‘ஆயில்’ என்று போட்டால் வாசகர்கள் வாங்க வேண்டாம், பெயரும் லிட்டரும் எழுதித் தரச் சொல்லட்டும்.

எங்கள் பேரேட்டில் அந்த மூன்று வரிகளையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இப்போது 1,56,000 ஓடியிருக்கிறது. அடுத்த இரண்டரை லிட்டர் தை மாதம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை,
பள்ளத்தூர்.