மீசை போன கதை

குடியாத்தம்

சேகரா,

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருந்தாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் செய்தியைக் கேள்: மீசையை எடுத்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்து மீசை. காலையில் பால்காரர் பார்த்துவிட்டு, "வூட்ல யாரு பூட்டாங்க?" என்று கேட்டார்.

இந்திராவுக்கு மூட்டு வலி அப்படியேதான். வெயிலைப் பற்றி எழுதினால் இங்கே வரவே மாட்டாய், விடு.

விஷயம் பேரன் கவினைப் பற்றி. பொங்கலுக்கு அப்புறம் வேலூரில் காட்டினோம். ஆட்டிசம் என்றார்கள். அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பேனாவைத் தொடவில்லை. இந்திரா மருமகளைப் பிடித்துக்கொண்டாள், "நீ போனைக் கொடுத்துத்தான் பிள்ளை இப்படி" என்று. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். நம்ம கணக்கு வாத்தியார் மாதிரி பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "தாத்தா கண்ணைப் பாருடா" என்பேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுவான். நாலு வயதுப் பிள்ளை. நான் விடவில்லை.

பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருநாள் என்னைத் தனியாக உட்காரவைத்தார். அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே சிலருக்கு வேதனையாக இருக்குமாம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் அமி க்ளின் என்பவரும் கூட்டாளிகளும் 2002ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். ஆட்டிசம் உள்ள 15 பேர், இல்லாத 15 பேர். சண்டையும் வசனமுமாக ஓடும் ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டி, பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்துக் குறித்தார்கள். மற்றவர்கள் நடிகர்களின் கண்ணைப் பார்க்க, இவர்கள் வாயையும் உடம்பையும் சுற்றியிருந்த பொருள்களையும் பார்த்தார்களாம். ஒரு காட்சியில் ஒருவன் சுவரில் இருக்கும் படத்தை விரலால் காட்டி, வரைந்தது யார் என்று கேட்கிறான். ஆட்டிசம் உள்ளவர் விரலைத் தொடரவில்லை. "படம்" என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறார். கவினுக்கு நிலாவைக் காட்டிக் காட்டி என் விரல் தேய்ந்தது ஞாபகம் வந்தது.

அதில் இன்னொன்று கேள். அந்த 15 பேரில் வாயை அதிகம் பார்த்தவர்கள்தான் பழகுவதில் கொஞ்சம் தேறியவர்களாக இருந்தார்களாம். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

வைகாசி முதல் நாள், நம்ம ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில்தான் உறைத்தது. ஊரே அம்மன் முகத்தைப் பார்க்கிறது, பெண்கள் கும்பிட்டு அழுகிறார்கள். என் தோளில் இருந்தவன் மட்டும் பம்பைக்காரரின் குச்சி தோலில் விழும் இடத்தையே பார்க்கிறான். குச்சி விழ, சத்தம் வர, இவன் இமைகூடக் கொட்டவில்லை. மறுநாள் அந்த அம்மாவிடம் சொன்னேன். க்ளின் குழு 2009ல் அதையும் பார்த்திருக்கிறது என்றார். கைதட்டும் உருவத்தை வெறும் ஒளிப்புள்ளிகளாகக் காட்டினால், ஆட்டிசம் உள்ள இரண்டு வயதுப் பிள்ளைகள் அசைவும் சத்தமும் ஒன்றாகச் சேரும் இடத்தையே நாடினார்களாம். உதடும் அப்படித்தானே சேகரா? அசைகிற அதே நொடியில் சத்தம்!

நம் மீசையோ கீழுதடு வரை இறங்கிய காடு. பிள்ளை எதைப் பார்ப்பான்? அன்றைக்கே சலூனுக்குப் போய்விட்டேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, அந்த அம்மா சிரித்தாரே தவிர ஆமாம் என்று சொல்லவில்லை.

போன் கதையும் முடிந்தது. பின்னால் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளுக்கு, கண்ணைப் பார்ப்பது இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள்ளேயே குறைய ஆரம்பித்துவிடுகிறது என்று க்ளினும் கூட்டாளியும் 2013ல் எழுதியிருக்கிறார்கள். அது போன் பார்க்கிற வயதா? இந்திரா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி மருமகளுக்கு முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள்.

ஆடியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், வா. அவனுக்கு எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். கன்னத்தைக் கிள்ளாதே. உன் மீசையை ஒன்றும் செய்ய வேண்டாம், அதை எடுத்தால் எனக்கே உன்னை அடையாளம் தெரியாது. ஓரத்தில் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு வந்தால் போதும்.

உன்,
மணி