பாறைக்குள் குடியிருப்பவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே, தோட்டத்துப் பாறையை நகர்த்த விடமாட்டார், உள்ளே ஆள் இருக்கிறதாம் என்று. அவர் எதிரில் சிரித்துவைக்காதே. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நீ வாடகைக்கு இருப்பவள். பாறைக்காரர்கள் உனக்கு முந்தி வந்தவர்கள்.

அவர்கள் ஒன்றும் கூர்காது வைத்த குட்டி உருவங்கள் இல்லை. ஐஸ்லாந்துக் கதைகளில் எல்ஃப்கள், அதாவது பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்கள், ஏறக்குறைய நம் உயரம்தான். ஆடு மாடு வளர்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள், பாறைக்குள் சர்ச்கூட உண்டு. குளிப்பாட்டாத பிள்ளைகளைக் கடவுளுக்குக் காட்ட வெட்கப்பட்டு ஏவாள் ஒளித்துவைத்தாளாம். "என்னிடம் மறைத்தது மனிதருக்கும் மறைந்தே இருக்கட்டும்" என்றாராம் கடவுள். அந்த வம்சமாம் இது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய யோன் ஆர்னசன் 1862லும் 1864லும் வெளியிட்ட தொகுதிகளில் இப்படிக் கதைகள் ஏராளம். எனக்குப் பிடித்தது பிரசவக் கதைதான்: பாறைக்குள் ஒருத்தி வலியில் துடிக்கிறாள், மனுஷி வந்து கை வைத்தால்தான் பிள்ளை பிறக்கும். எத்தனை மாயம் தெரிந்து என்ன, பேறுகாலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேண்டியிருக்கிறது!

ரோடு போட்டே காலம் தள்ளிய எனக்கு இன்னொன்றும் பிடித்தது. ரெய்க்யவிக்கை அடுத்த கோபவோகுரில் ஆல்ஃப்ஹோல்ஸ்வேகுர் என்ற தெரு, எல்ஃப்கள் இருப்பதாகச் சொல்லும் ஒரு சின்ன மேட்டருகே வந்ததும் ஒடுங்கிவிடுகிறது. மேட்டில் கை வைத்தபோது மெஷின் உடைந்ததாம். கான்ட்ராக்டருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் 2013ல் கால்காஹ்ராயின் என்ற எரிமலைப் பாறைவெளியில் ரோடு போடப்போனபோது மறித்து உட்கார்ந்து கைதானவர்கள் நிலத்தைக் காக்க வந்தவர்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்ஃப் என்று சிரித்ததோடு சரி. ரோடு வந்தது, எல்ஃப்களின் சர்ச் என்று சொல்லப்பட்ட பெரும்பாறையை 2015ல் கிரேன் வைத்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். புளியமரத்தடி முனீஸ்வரனுக்காக நானே அலைன்மென்ட்டை ஒதுக்கி வரைந்திருக்கிறேன். சாமி பயமும் உண்டு, ஊர்க்காரர்கள் பயமும் உண்டு. மரம் பிழைத்தது.

புத்தாண்டு இரவில் எல்ஃப்கள் வீடு மாறுவார்களாம். அன்றைக்கு வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றி, "வருகிறவர் வரட்டும், போகிறவர் போகட்டும், எனக்கும் என்னைச் சேர்ந்தவர்களுக்கும் தீங்கில்லாமல்" என்று சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவது அங்கே பழைய வழக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு அது தெரியுமா என்று கேட்டுப் பார். எப்படியும் அந்தச் சாக்கில் உன் அறையும் ஒருமுறை பெருக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை கோபவோகுர் போனால் அந்த மேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. மேடு மட்டும் போதாது, ரோடு எந்த இடத்தில் ஒடுங்க ஆரம்பிக்கிறது என்று தெரியும்படி எடு.

அன்புடன்,
அப்பா